சுரங்கத் தூசியும் சாலைப் புகையும்

நுழையும் முன்

தங்கம் தேடிப் பூமிக்குள் இறங்கிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு இரயில் ஏறுகின்றனர். பாட்டனாரின் நுரையீரலில் படிந்தது கல்தூசி. பேரப்பிள்ளைகளின் மூச்சில் கலப்பது வண்டிப் புகை. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பையும் வேறுபாட்டையும் இப்பாடத்தில் காணலாம். பாடத்தில் எண்கள் பல வருகின்றன. அவற்றுள் ஒரு வரிசை எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. எது, ஏன் என்பதைப் படித்து அறிக.

மேட்டிலிருந்து வீசும் காற்று

கருநாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையோரம், ஆந்திரமும் தமிழ்நாடும் கூப்பிடு தொலைவில் இருக்க, கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. தங்கவயல் என்பது ஒரே சுரங்கம் அன்று. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் ஆகிய நான்கு பெருஞ்சுரங்கங்கள் அங்கே இயங்கின. ஒவ்வொரு சுரங்கமும் தன் பெயராலேயே ஓர் ஊரை வளர்த்தது. அவ்வாறு வளர்ந்த ஊர்களுள் ஒன்று நந்திதுர்க். சுற்றுலாப் பயணிகள் செல்லும் நந்திமலைக் கோட்டைக்கும் நந்திதுர்க்கம் என்றே பெயர் உண்டு. அது வேறு, இது வேறு.

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் இங்கே பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் ஆகிய மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். பஞ்சத்துக்கும் பண்ணையாளுக்குரிய அடிமைத்தனத்துக்கும் தப்பி வந்தோர் அவர்களுள் பலர். 'லைன்' எனப்படும் வரிசை வீடுகளில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் என்று வாழ்ந்தனர். 1902 ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905 ஆம் ஆண்டில்தான். தலைநகருக்கு முன்பே ஒளி பெற்ற ஊர் என்று தங்கவயலார் இன்றும் பெருமையாகச் சொல்வர். அந்த மின்சாரம் முதலில் வந்தது சுரங்கப் பொறிகளுக்காக என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

பூமியின் அடியிலிருந்து வெட்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த நீரில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்தனர். தங்கம் போனபின் எஞ்சிய மணலை ஊருக்குப் பக்கத்திலேயே கொட்டினர். நூறாண்டுக்கு மேலாகக் கொட்டிய மணல் மலையாக உயர்ந்தது. மக்கள் அவற்றைச் 'சயனைடு மேடு' என்று அழைக்கின்றனர். அவ்வாறான மேடுகள் 13 உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் டன் மணல் குவிந்துள்ளது. பகலில் வெளிறிய சாம்பல் நிறத்தில் தோன்றும் இம்மேடுகளில் மழைநீர் அரித்த பள்ளங்கள் கோடு கோடாக ஓடும். காற்று மிகுந்த மாதங்களில் மேட்டு மணல் எழுந்து ஊருக்குள் வரும். கொடியில் உலரும் துணியிலும், மூடாத சோற்றுப் பானையிலும், உறங்கும் குழந்தையின் கண்ணிமையிலும் மாவு போன்ற தூசி படியும். கண்ணெரிச்சலும் இருமலும் அம்மாதங்களின் விருந்தாளிகள்.

பூமிக்கு அடியில் இருந்த தூசி இதனினும் கொடியது. தங்கம் இருந்தது படிகக்கல் பாறைக்குள். அப்பாறையைத் துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் சிலிகா என்னும் நுண்தூசி எழும். கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசியை மூக்கு தடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியோ நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். தங்கிய இடத்தில் வடு உண்டாகும். வடு பெருகப் பெருக நுரையீரல் விரிய இயலாமல் இறுகும். இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவான இடம் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுவது கோலார் தங்கவயலைத்தான். 1940-களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. இரண்டு பேர் ஒன்றாகச் சுரங்கத்துக்குள் இறங்கினால், அவர்களுள் ஒருவர் ஏற்கெனவே நோயாளி என்னும் அளவுக்கு இது நெருங்கி வருகிறது.

அந்த எண்ணிக்கை வீண்போகவில்லை. இந்நோய்க்கு இழப்பீடு தர மைசூர் அரசு விதிகள் வகுத்தது. உலர்ந்த பாறையைத் துளையிடாமல், துளைக்கோலின் வழியே நீரைச் செலுத்தித் துளையிடும் முறை பிற நாட்டுச் சுரங்கங்களைப் போலவே இங்கும் வழக்கத்துக்கு வந்தது. நனைந்த தூசி பறக்காது. தொழிலாளியை முகத்தை மூடிக்கொள்ளுமாறு சொல்லிவிட்டு ஒதுங்காமல், தூசி பிறக்கும் இடத்திலேயே அதை அடக்குவது என்பதே அம்முறையின் உட்பொருள். பாடத்தின் பிற்பகுதியில் இச்செய்தி மீண்டும் பயன்படும்.

விடியலுக்கு முந்தைய இரயில்

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட தண்டுவழிகளில் நீர் நிறைந்தது. வேலை இழந்த குடும்பங்களுக்கு எஞ்சிய பெருவழி ஒன்றுதான்: பெங்களூர். மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியலுக்கு முன்பே இரயில் புறப்படுகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் ஏறுகின்றனர். பங்காருப்பேட்டைக்கு வருவதற்குள் பெட்டிகள் நிறைந்துவிடுகின்றன. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் சென்று, இருட்டிய பின் அதே வழியில் திரும்புகின்றனர். நாள்தோறும் இப்படிச் சென்றுவர இயலாதோர் பெங்களூரிலேயே வாடகை வீடு பிடித்தனர். வாடகை குறைந்த வீடுகள் பெரும்பாலும் எங்கே கிடைக்கும்? பெருஞ்சாலை ஓரத்தில், மேம்பாலத்தின் அடியில், பேருந்துப் பணிமனைக்குப் பின்புறத்தில்.

கல்தூசியை விட்டு விலகி வந்தோரின் பிள்ளைகள் வேறொரு தூசிக்கு அருகில் வளரலாயினர்.

பெங்களூர்ப் பள்ளிகளில் ஓர் ஆய்வு

'தோட்ட நகரம்' என்றும் 'ஓய்வூதியர்களின் சொர்க்கம்' என்றும் ஒரு காலத்தில் புகழப்பட்ட நகரம் பெங்களூர். அந்நகரின் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ், தம் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளில் ஆஸ்துமா உள்ளோர் எத்தனை பேர் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட 20,000 பிள்ளைகள் அக்கணக்கில் அடங்குவர். 1979 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 9 பேர்; 1984 இல் 10.5, 1989 இல் 18.5, 1994 இல் 24.5, 1999 இல் 29.5. இருபது ஆண்டுகளில் மும்மடங்குக்கும் மேல். நகரில் மக்கள்தொகையும் தொழிற்சாலைகளும் வண்டிகளும் பெருகியதும் இதே காலத்தில்தான்.

இவ்வெண்களைக் கண்டு, பெங்களூர்ப் பிள்ளைகளில் மூவருக்கு ஒருவர் ஆஸ்துமா நோயாளி என்று முடிவு கட்டுவது தவறு. மருத்துவமனைக்கு வருவோர் ஏற்கெனவே நோயுற்றோர். அவர்களை வைத்து ஊர் முழுவதையும் அளக்க முடியாது. மூச்சுநோய்க்கு நன்கு மருத்துவம் பார்ப்பவர் என்று ஒரு மருத்துவர் பெயர் பெற்றால், அத்தகைய நோயாளிகளே அவரை நாடி மிகுதியாக வருவர். நுழைவுப் பகுதியில் குறிப்பிட்ட வரிசை இதுவே. பரமேஷும் அவருடன் பணியாற்றியோரும் இக்கணக்கோடு நில்லாமல் பள்ளிகளுக்குச் சென்றமைதான் இவ்வாய்வைச் சிறப்புடையது ஆக்கியது.

பன்னிரண்டு பள்ளிகள், ஆறு முதல் பதினைந்து வயது வரையுள்ள 6,550 மாணவர்கள். வண்டிகள் குறைவாக ஓடும் பகுதியில் அமைந்த பள்ளிகளில் நூற்றுக்கு 11.15 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. வண்டிகள் மிகுந்த பகுதியின் பள்ளிகளில் அது 19.34 ஆக இருந்தது. அதே போன்ற நெரிசல் மிக்க பகுதியில், வறிய குடும்பப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் 31.14 ஆக உயர்ந்தது. பின்னர் நாட்டுப்புறத்திலும் ஆய்வைத் தொடர்ந்தனர், அங்கே 5.7 மட்டுமே.

விழுக்காடு என்று சொன்னால் மனத்தில் நிற்பதில்லை. ஐம்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பறை ஒன்றைக் கற்பனை செய்க. நாட்டுப்புற வகுப்பில் மூவர். வண்டிகள் குறைந்த தெருவின் வகுப்பில் ஐந்தாறு பேர். நெரிசல் சாலையோர வகுப்பில் ஏறத்தாழப் பத்துப் பேர். நெரிசலும் வறுமையும் சேர்ந்த வகுப்பில் பதினைந்து அல்லது பதினாறு பேர். கடைசி வகுப்பில் விளையாட்டு நேரத்தில் ஓடாமல் மரத்தடியில் அமர்ந்திருப்போரின் எண்ணிக்கை, இரண்டு கபடிக் குழுக்களுக்குப் போதுமானது. இவ்வாய்வு 2002 ஆம் ஆண்டில் இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியாயிற்று.

சாலை ஒன்றே போன்றது. அப்படியிருக்க வறிய பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் மிகுதி? வீடும் பள்ளியும் சாலையோரத்தில் இருப்பதால் அவர்கள் இரவும் பகலும் அதே காற்றைச் சுவாசிக்கின்றனர். வசதியுள்ள மாணவன் மாலையில் மரங்கள் சூழ்ந்த குடியிருப்புக்குத் திரும்பிவிடுகிறான். மண்ணெண்ணெய் அடுப்பின் புகை, ஈரம் ஊறிய சுவர், நெருக்கமான அறை, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய வழியின்மை ஆகியவையும் சேர்கின்றன. இவற்றுள் எது எவ்வளவு என்பதை இந்த ஓர் ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் புகை எல்லார்க்கும் பொது என்னும் பேச்சு உண்மையன்று என்பதை அது காட்டிவிட்டது.

மூச்சுக்குழலுக்குள்

ஆஸ்துமா கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். மூச்சு வாங்குதல் என்பது அதன் பொருள். தமிழில் இதற்குப் பழைய பெயர்கள் உண்டு. சித்த மருத்துவத்தில் ஈளை, இரைப்பு என்பர். வீட்டில் பாட்டி 'இழுப்பு' என்பார். மூச்சை இழுத்து இழுத்து விடுவதைக் கண்டு பிறந்த சொல் அது. நோயாளிக்கு உண்மையில் இழுப்பதைவிட விடுவதே கடினம். காற்று உள்ளே போய்விடும். வெளியேற வழி குறுகியிருக்கும். அக்குறுகிய வழியில் காற்று நுழையும்போதுதான் சீழ்க்கை போன்ற ஒலி எழுகிறது.

வழி குறுகுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. மூச்சுக்குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி பெருகி எஞ்சிய இடைவெளியையும் அடைக்கிறது. வீங்கிய குழல் எதற்கெடுத்தாலும் சினக்கும் இயல்புடையது. குளிர்காற்று, மகரந்தம், சாம்பிராணிப் புகை, விரைந்து ஓடுதல், சில வேளைகளில் வாய்விட்டுச் சிரித்தல்கூடப் போதும்.

வண்டிப் புகை இங்கே எவ்வாறு நுழைகிறது? எந்திரத்தின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரசனும் ஆக்சிசனும் சேர்ந்து நைட்ரசன் டை ஆக்சைடு முதலிய வளிகள் உண்டாகின்றன. டீசல் எரியும்போது கரித்துகள் வெளிப்படுகிறது. பிரேக்கும் டயரும் தேய்வதால் எழும் தூளும் சேர்கிறது. இவற்றுள் மிக நுண்ணிய துகள்களை 'பி.எம். 2.5' என்று குறிப்பர். 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த அகலமுடையவை அவை. தலைமுடி ஒன்றின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கு மயிரும் தொண்டைச் சளியும் தடுக்க இயலாத அளவு இது. நைட்ரசன் டை ஆக்சைடு குழலின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. புண்பட்ட சுவர் மகரந்தம் போன்றவற்றுக்கு மேலும் எளிதாக இரையாகிறது.

பிள்ளைகளுக்கு இன்னல் கூடுதல். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அவர்கள் மிகுதியான காற்றைச் சுவாசிக்கின்றனர். அவர்களின் நுரையீரல் வளர்ந்து முடியவில்லை. மேலும், ஆறு வயதுச் சிறுவனின் மூக்கு புகைபோக்கியின் உயரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைச் சாலை கடக்கும் எவரும் கண்ணாலேயே அளந்து கொள்ளலாம்.

தூண்டுவதா, உண்டாக்குவதா?

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குப் புகை பட்டால் இழுப்பு வரும் என்பதை எல்லாரும் ஏற்கின்றனர். நோயே இல்லாத பிள்ளைக்குப் புகையால் நோய் புதிதாகத் தோன்றுமா என்பதே நெடுங்காலம் வழக்காடப்பட்ட வினா. பரம்பரைக் கூறு, ஒவ்வாமை, வீட்டுத் தூசி என்று காரணங்கள் பல இருக்கையில், பழியைச் சாலையின் மேல் சுமத்துவது எளிதன்று.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் 1993 முதல் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்தனர். பெருஞ்சாலைக்கு 75 மீட்டருக்குள் வாழ்ந்த பிள்ளைகளிடம் ஆஸ்துமா மிகுதியாக இருந்தது; தொலைவு கூடக் கூட அவ்வேறுபாடு குறைந்தது. புகையின் அளவும் அவ்வாறே சாலையை விட்டு விலக விலகக் குறைகிறது. அதே ஊர்களில் பின்னாளில் கட்டுப்பாடுகளால் காற்று தூய்மையடைந்தது. நைட்ரசன் டை ஆக்சைடு குறைந்த காலத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் புதிதாக ஆஸ்துமா தோன்றுவதும் குறைந்தது என்று 2019 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் குறையும்போது விளைவும் குறைவது, ஐயத்தைப் பெரிதும் நீக்கும் சான்று. அதே 2019 இல் 194 நாடுகளை ஆராய்ந்த மற்றொரு கணிப்பு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 40 இலட்சம் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா தோன்ற நைட்ரசன் டை ஆக்சைடு காரணமாகலாம் என்றது. அமெரிக்காவின் நலவிளைவு ஆய்வு நிறுவனம் 2010 ஆம் ஆண்டு அறிக்கையில், வண்டிப் புகை நோயை மிகுவிப்பது உறுதி என்றும், நோயைத் தோற்றுவிப்பதற்குச் சான்றுகள் சுட்டுகின்றன என்றும் அடக்கமாகவே எழுதியது. 2022 ஆம் ஆண்டு அறிக்கையில் இரண்டாவதன் மீதான நம்பிக்கையையும் உயர்த்திக் கூறியது.

எளிதாகப் பரவும் சான்றுகள் எல்லாம் உறுதியானவை அல்ல. 1996 ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தது. நெரிசலுக்கு அஞ்சிய நகரம் பேருந்துகளைக் கூட்டியது. சொந்த வண்டிகளைக் குறைத்தது. காலை நேர வண்டி எண்ணிக்கை நூற்றுக்கு 22.5 குறைந்தது. அரசு மருத்துவ உதவி பெறும் பிள்ளைகள் ஆஸ்துமாவுக்காக அவசர மருத்துவம் நாடியது நூற்றுக்கு ஏறத்தாழ 42 குறைந்தது. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் அந்நாள்களில் சுற்று வட்டாரம் முழுவதும் வானிலையாலேயே காற்று தெளிந்திருந்தது என்று பிற்கால ஆய்வு ஒன்று காட்டி, இக்கதையின் வலிமையைக் குறைத்தது. ஒரு திருவிழாவின் சில நாள்களைவிடக் கலிபோர்னியாவின் பல ஆண்டுக் கணக்கு நம்பத்தக்கது என்பது இதனால் புலப்படும்.

இலண்டன் சிறுமி

எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்பது ஒன்பது வயதுச் சிறுமியின் பெயர். தென்கிழக்கு இலண்டனில், வண்டிகள் ஓயாத தெற்கு வட்டச் சாலைக்கு மிக அருகில் அவள் வீடு இருந்தது. கடுமையான ஆஸ்துமாவால் மூன்றாண்டுகளில் ஏறத்தாழ முப்பது முறை மருத்துவமனைக்குச் சென்றாள். 2013 பிப்ரவரியில் இறந்தாள். இறப்புச் சான்றில் முதலில் மூச்சுத் தடையே காரணமாக எழுதப்பட்டது. தாய் ரோசமண்ட் அதை ஏற்கவில்லை. மகள் நோயுற்ற நாள்களையும், அருகிலிருந்த அளவைக் கருவி மாசு மிகுந்ததாகக் காட்டிய நாள்களையும் அறிவியலார் ஒப்பிட்டனர். மறு விசாரணை நடந்தது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புக் காரணமாகக் காற்று மாசு எழுதப்பட்டது அதுவே முதன்முறை.

அந்தத் தாய் மருத்துவர் அல்லர், ஆசிரியராகப் பணியாற்றியவர்.

தூசியைப் பிறந்த இடத்தில் அடக்குதல்

சுரங்கத்தில் நீர் ஊற்றித் துளையிட்டது போன்ற செயல்கள் சாலையிலும் நடந்துள்ளன. இந்தியா முழுவதும் 2000 ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் 'பாரத் ஸ்டேஜ் 6' விதி நடைமுறைக்கு வந்தது. எரிபொருளில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. பெங்களூரில் மெட்ரோ இரயிலும் மின்பேருந்தும் ஓடுகின்றன. எனினும் நகரில் பதிவான வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு வண்டியின் புகையும் குறைந்தாலும் வண்டிகள் பெருகினால் கணக்கு நேர்படாது. பிரேக்கிலும் டயரிலும் எழும் தூள் மின்வண்டியிலும் உண்டு.

பி.எம். 2.5 துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்திய அளவு. உலக நலவாழ்வு அமைப்பு 2021 ஆம் ஆண்டில் வகுத்த அளவு 5. நாளிதழில் 'காற்றின் தரம் வரம்புக்குள் உள்ளது' என்று படிப்போர், எந்த வரம்பு என்று கேட்பது நன்று.

தங்கவயலிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. சயனைடு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீட்பதற்காக அம்மேடுகளை ஏலம் விடும் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவு தந்தது. மேட்டைத் தோண்டினால் மணல் கிளம்பும். மணலைச் சுமக்கும் லாரிகள் புகையும் கக்கும். நூறாண்டுத் தூசியும் இன்றைய புகையும் ஒரே தெருவில் சந்திக்கும் நாள் அது. நீர் தெளித்தும் மூடிய வண்டிகளைக் கொண்டும் அதைத் தடுக்க வழி உண்டு என்பது சுரங்கத் தொழிலில் பழகிய எவருக்கும் தெரியும்.

மூச்சுக்கருவியும் அச்சமும்

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து இருவகை. ஒன்று, இழுப்பு வந்தபோது இறுகிய தசையைத் தளர்த்தி உடனே ஆறுதல் தருவது. மற்றொன்று, அழற்சியை அடக்கி இழுப்பு வாராமல் தடுப்பது. இதை நோய் தெரியாத நாள்களிலும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். நம் வீடுகளில் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கைவிடுவோர் மிகப் பலர். 'பழகிவிட்டால் விட முடியாது' என்னும் அச்சம் ஒரு காரணம். 'பெண் பிள்ளைக்கு இழுப்பு என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்' என்னும் கூச்சம் மற்றொரு காரணம். மருந்து நேரே குழலுக்குள் செல்வதால், உறிஞ்சும் மருந்தின் அளவு விழுங்கும் மருந்தைவிட மிகக் குறைவு. அது போதைப் பழக்கம் உண்டாக்குவதில்லை. சிறு பிள்ளைகள் இடைக்குடுவை ஒன்றைப் பொருத்தி உறிஞ்சினால் மருந்து வாயிலேயே தங்காமல் உள்ளே போய்ச் சேரும்.

பள்ளிக்கு இரண்டு வழிகள் இருந்தால் பெருஞ்சாலையை விட்டு உட்தெருவில் நடப்பது பயன்தரும். பள்ளி வாயிலில் காத்திருக்கும் பேருந்தும் ஆட்டோவும் எந்திரத்தை அணைத்து வைக்கச் சொல்ல, பெற்றோர் கூட்டம் ஒன்று போதும். இரவில் இருமல், ஓடினால் சீழ்க்கை ஒலி, மார்பு இறுகுதல் ஆகியவை அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேச இயலாமல் மூச்சுத் திணறினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, கைவைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சிலிகோசிஸ் நோயில் இறுகிய நுரையீரல் மீண்டும் இளகுவதில்லை. சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பின்னும் நந்திதுர்க் லைன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, மூச்சை எண்ணி எண்ணி விட்ட பெரியவர்கள் இருந்தனர். ஆஸ்துமாவில் சுருங்கிய குழலோ, தக்க மருந்தால் மீண்டும் விரியும்.

சொற்பொருள்

படிகக்கல் – குவார்ட்சு என்னும் கடினமான வெண்கல்
அழற்சி – உடலின் ஒரு பகுதி சிவந்து வீங்கி எரிதல்
ஈளை – சளியோடு கூடிய மூச்சுநோய்
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கு
இழப்பீடு – நேர்ந்த கேட்டுக்கு ஈடாகத் தரும் பொருள்

பயிற்சி

1. நுரையீரல், மூச்சுக்குழல், கல்தூசி – பிரித்து எழுதுக. நுரையீரலுக்கு அப்பெயர் வந்ததேன் என்று சிந்தித்து இரு தொடர்களில் எழுதுக.

2. மருத்துவமனைக் கணக்கைவிடப் பள்ளிக் கணக்கு நம்பத்தக்கது. ஏன்? பாடத்திலிருந்து காரணம் தருக.

3. பள்ளியின் முன்வாயிலில் காலை 8 மணி முதல் கால் மணி நேரம் கடந்து செல்லும் வண்டிகளை இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், பேருந்து, லாரி எனப் பிரித்து எண்ணுக. பின்வாயிலிலோ உட்தெருவிலோ அவ்வாறே எண்ணி ஒப்பிடுக.

4. வீட்டிலுள்ள முதியோரிடம், அவர்கள் ஊரில் ஆஸ்துமாவை எப்பெயரால் அழைத்தனர் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதி வருக. வகுப்பில் எத்தனைச் சொற்கள் சேர்கின்றன என்று பார்க்க.

5. பள்ளி வாயிலில் நிற்கும் வண்டிகளின் எந்திரத்தை அணைத்து வைக்க வேண்டித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக. மூன்றாம் பயிற்சியில் கிடைத்த எண்களைக் கடிதத்தில் பயன்படுத்துக.